தீவும் தோட்டமும்: ஜோர்ஜ் தொம்சனின் ஐரிஷ் நட்பு தரும் பாடம்

1

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு உலகிற்கு ஜோர்ஜ் தொம்சன் (1903–1987) என்னும் பெயர் புதியதன்று. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய அவருடைய வழிகாட்டலிலேயே க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தத்தம் கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பெற்றிருந்த இடத்தை ஆராய்ந்த சிவத்தம்பியின் ஆய்வு 1970இல் நிறைவுற்று, 1981இல் நூலுருப் பெற்றது. இவ்விரு நூல்களும் தமிழாராய்ச்சியின் போக்கை மாற்றியவை என்பதில் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. இருவரும் பேராதனையிற் பயின்றவர்கள் என்பதால், தொம்சனது சிந்தனையின் ஒரு கிளை மகாவலிக் கரையில் வேர்கொண்டது என்று கூறுவதும் மிகையாகாது.

எனினும், தமிழ் வாசகர் அறிந்த தொம்சன் பெரும்பாலும் கோட்பாட்டாளர் தொம்சனே. 'மார்க்சியமும் கவிதையும்' (1945) எழுதியவர், ஈஸ்கிலசின் நாடகங்களை ஏதென்ஸ் நகரின் சமூக வரலாற்றோடு இணைத்துக் காட்டியவர் (1941), பண்டைக் கிரேக்க சமூகத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்தவர் என்ற வகையிலேயே அவர் மேற்கோள் காட்டப்படுகிறார். அக்கோட்பாடு எங்கே, எவருடைய முற்றத்தில், எந்த உறவின் பயனாக முளைகொண்டது என்பது போதிய கவனம் பெறவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள சிறு தீவொன்றும், அங்கே இருபது வயது மாணவன் ஒருவனுக்குப் பத்தொன்பது வயது மீனவ இளைஞனோடு ஏற்பட்ட நட்புமே அதன் தோற்றுவாய்.

தொம்சனின் கோட்பாடு கடல் கடந்து தமிழுக்கு வந்தது. அதனை ஈன்ற நட்பின் நெறி வந்ததா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. விடை தேடப் பேராதனையிலிருந்து வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள திகனவரை சென்றாற் போதும். ஆயினும் முதலில் தீவைப் பற்றி அறிதல் வேண்டும்.

2

அயர்லாந்தின் கெரி மாவட்டக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமைந்தது பெரிய பிளாஸ்கெற் தீவு. மக்கள் மிகுந்திருந்த காலத்திலும் அங்கு வாழ்ந்தோர் இருநூறு பேருக்கு உட்பட்டவரே. மீன்பிடித்தல், ஆடு வளர்த்தல், உருளைக்கிழங்குப் பயிர், மலைச் சரிவிலிருந்து வெட்டிவரும் கரிநிலக்கட்டியை எரித்துக் குளிர்காய்தல் என்பனவே அவர்கள் வாழ்வு. தேவாலயமும் வைத்தியரும் இல்லாத அத்தீவில், குளிர்கால இரவுகளில் அடுப்பங்கரையைச் சுற்றியமர்ந்து கதை சொல்லுதலும் கேட்டலும் அன்றாட வழக்கமாயிருந்தன. அயர்லாந்தின் பெரும்பகுதியில் ஆங்கிலத்தின் முன் ஒடுங்கிப்போன ஐரிஷ் மொழி, அங்கே வீட்டு மொழியாகவும் தொழில் மொழியாகவும் உயிர்வாழ்ந்தது.

அம்மொழியைத் தேடியே வெளியார் தீவிற்கு வந்தனர். 1907இல் நோர்வே நாட்டு மொழியியலாளர் கார்ல் மார்ஸ்ட்ரான்டர் வந்தார். 1910இல் பிரித்தானிய நூதனசாலையின் கையெழுத்துச் சுவடிப் பிரிவைச் சேர்ந்த றொபின் பிளவர் வந்தார். தீவார் அவருக்குத் தம் மொழியில் 'சிறு பூ' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். அவர் 1946இல் மறைந்தபின் அவருடைய சாம்பல் அத்தீவிலேயே தூவப்பட்டது. இவர்களுக்கு மொழியைக் கற்பித்தவர் தோமாஸ் ஓ கிறோஹன் என்னும் மீனவர். அவரே தம் தாய்மொழியை எழுதவும் வாசிக்கவும் நடுவயதிற்றான் கற்றுக்கொண்டவர். கிலார்னியைச் சேர்ந்த பிறையன் கெலி என்ற நண்பர் அவருக்கு மாக்சிம் கோர்க்கியின் எழுத்துகளையும், பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லொற்றி மீனவர்களைப் பற்றி எழுதிய நாவலையும் வாசித்துக் காட்டினார். உழைக்கும் மனிதரின் வாழ்க்கையும் இலக்கியத்திற்குப் பொருளாகலாம் என்ற துணிவு அவருக்கு அவ்வாறே பிறந்தது. அதன் விளைவாக 1929இல் வெளிவந்த அவரது தன்வரலாறு, இன்று ஐரிஷ் உரைநடையின் முதன்மையான நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ருஷ்ய எழுத்தாளர் ஒருவரின் குரல் ஐரிஷ் மீனவர் ஒருவரின் பேனையைத் தூண்டியதென்னும் இச்செய்தி, கோர்க்கியை வாசித்தே எழுதத் தொடங்கிய ஈழத்து எழுத்தாளர் பலரின் வரலாற்றை அறிந்தவர்க்கு அந்நியமாகத் தோன்றாது.

கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த தொம்சன் 1923இல் முதன்முறையாகத் தீவிற்கு வந்தார். அங்கே அவர் நட்புக்கொண்டவர் மோறிஸ் ஓ சலிவன். கைக்குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்த ஓ சலிவன், பெருநிலத்தின் டிங்கிள் நகரிலுள்ள அநாதை இல்லத்தில் வளர்ந்து, ஏறத்தாழ ஏழு வயதிற்றான் தீவிற்குத் திரும்பி ஐரிஷ் மொழியைக் கற்றவர். தீவின் இளைஞர்கள் அலையலையாக அமெரிக்காவிற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஓ சலிவனும் அவ்வழியே போக எண்ணியபோது, நாட்டிலேயே தங்கி அயர்லாந்துப் பொலிஸ் சேவையிற் சேரும்படி தொம்சன் அவரை இணங்கச் செய்தார். பின்னர் தம் இளமைக்கால நினைவுகளை எழுதும்படி தூண்டி, அக்கையெழுத்துப் பிரதியைப் பதிப்பித்தார். 1933இல் ஐரிஷ் மூலமும், தொம்சனும் மொயா லுவெலின் டேவிசும் இணைந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. ஆங்கிலப் பதிப்பிற்கு நாவலாசிரியர் இ. எம். போஸ்டர் அறிமுகவுரை வழங்கினார். 'இருபது வருட வளர்ச்சி' எனப் பொருள்படும் அந்நூல் அதன்பின் பல மொழிகளிற் சென்றது.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் குறித்துக்கொள்ளத்தக்கவை. முதலாவது, தொம்சன் தீவாரிடம் மாணவராகவே சென்றார். கேம்பிரிட்ஜ் தந்த கல்வியை ஒருபுறம் வைத்து, எழுத்தறிவு குறைந்த மீனவர்களிடம் மொழி கற்றார். இரண்டாவது, ஓ சலிவனை அவர் 'தகவலாளி'யாகக் கொள்ளவில்லை, நூலாசிரியராகக் கொண்டார். நண்பனின் வாயிலிருந்து செய்திகளைப் பெற்றுத் தம் பெயரில் ஆய்வுநூல் எழுதும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதனை விடுத்து, நண்பனின் பெயரிலேயே நண்பனின் நூலை வெளிவரச் செய்தார். மூன்றாவது, அந்நூல் முதலில் நண்பனின் மொழியிற் பிறந்தது. ஆங்கிலம் அதன் துணையாகவே வந்தது. 1931 முதல் 1934 வரை கோல்வேப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணிபுரிந்தபோது, தொம்சன் கிரேக்கத்தை ஐரிஷ் மொழிமூலம் கற்பித்தார். கிரேக்க நூல்கள் சிலவற்றை அம்மொழியில் ஆக்கியும் தந்தார். மொழியைக் கற்ற கடனை அவர் மொழிக்கே திருப்பிச் செலுத்தினார் எனலாம்.

3

'மார்க்சியமும் கவிதையும்' என்னும் சிறு நூலில் தொம்சன் விவரிக்கும் காட்சியொன்று அவருடைய கோட்பாட்டின் கருவறையாகக் கொள்ளத்தக்கது. மாலையொன்றில் கிராமத்துக் கிணற்றடியில் தமக்கு நண்பியான முதியவள் ஒருத்தியை அவர் சந்திக்கிறார். அவளுடைய கணவன் இறந்துவிட்டான். ஏழு புதல்வரும் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிற்குப் போய்விட்டனர். அவர்களுள் ஒருவன் அவளையும் அங்கு வரும்படி கடிதம் எழுதியிருக்கிறான். அவள் தன் கடின வாழ்வையும், தான் கற்பனையிற் காணும் அமெரிக்காவையும், நெடிய கடற்பயணத்தையும், தன் எலும்புகள் பிறந்த மண்ணிலேயே சேர வேண்டுமென்ற ஏக்கத்தையும் கூறிக்கொண்டு போகிறாள். கூறக் கூற அவளுடைய பேச்சில் ஒழுங்கான இசையமைதி தோன்றுகிறது, சொற்கள் நிறமேறுகின்றன, உடல் தாலாட்டுப்போல அசைகிறது. பின்னர் அவள் சிரித்தபடி வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீடு செல்கிறாள்.

எழுத்தறியாத அவ்வயோதிபப் பெண்ணின் பேச்சில் கவிதையின் இலக்கணங்கள் அனைத்தும் இருந்தன என்பது தொம்சனின் முடிவு. கவிதை என்பது தனிமனிதனின் அபூர்வ வரம் அன்று. உழைப்போடும் உடலசைவோடும் கூட்டு வாழ்வோடும் பிறந்த பேச்சின் உயர்நிலையே என அவர் அதிலிருந்து விரித்துச் செல்கிறார். ஹோமரின் காப்பியங்களை எழுத்துப் பனுவலாக மட்டும் நோக்காமல், பாடுநரும் கேட்போரும் கூடியிருந்த சூழலின் விளைவாக நோக்கும் ஆற்றலை அவருக்குத் தந்தது அத்தீவே. நூலகத்திற் கற்ற கிரேக்கத்திற்குக் கிணற்றடியிற் கேட்ட பேச்சு உரை வகுத்தது.

அப்பெண்ணை நண்பியாகவே தொம்சன் அறிந்திருந்தார் என்பது தற்செயலான செய்தியன்று. அந்நியன் ஒருவன் குறிப்பேட்டோடு அணுகியிருந்தால் அவள் அவ்வாறு பேசியிருப்பாளா என்பது ஐயமே. அவளுடைய பேச்சு கவிதையாக உயர்ந்ததற்கு, கேட்பவன் அவளுடைய துயரத்தை அறிந்தவனாயிருந்தமையும் ஒரு காரணம். ஆகவே நட்பு என்பது ஆய்வின் புறத்தே நிற்கும் இனிய அனுபவமன்று. ஆய்வுப் பொருளையே தோற்றுவிக்கும் நிலைமையாகும்.

4

கைலாசபதி தொம்சனிடமிருந்து பெற்றது எது? சங்கச் செய்யுள்களை எழுத்துக் கவிதையாகவே கொண்டு நலம் பாராட்டிய மரபிற்கு எதிராக, அவற்றை வாய்மொழி மரபின் விளைபொருளாக அவர் நோக்கினார். கிரேக்க, ஐரிஷ், வெல்சிய வீரகாலப் பாடல்களோடு அவற்றை ஒப்பிட்டார். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், அகவுநர் ஆகியோரைப் பழம்பெருமையின் அலங்காரங்களாக விடாமல், தொழிலும் வறுமையும் பயிற்சியும் உடைய மனிதராக நிறுத்தினார். சிவத்தம்பியோ நாடகத்தின் தோற்றத்தைச் சடங்கோடும் சமூக மாற்றத்தோடும் இணைத்துக் காட்டினார். இவை சிறிய சாதனைகள் அல்ல. தமிழிலக்கிய வரலாற்றைப் புலவர் வரலாறாகவன்றி மக்கள் வரலாறாக எழுத இயலும் என்ற நம்பிக்கையை அவை தந்தன.

ஆயினும் இருவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுகளும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சமூகத்தைப் பற்றியன. தொம்சன் உயிரோடிருந்த முதியவளிடமிருந்து ஹோமரை நோக்கிச் சென்றார். தமிழ் ஆய்வோ ஹோமருக்கு வகுத்த முறையிலிருந்து சங்கப் பாணனை நோக்கிச் சென்றது. கிணற்றடி இடையில் விடுபட்டுப்போயிற்று. இதனைக் குறையாகச் சுமத்துதல் நியாயமாகாது. ஆய்வேட்டின் எல்லைகள் வேறு. அக்காலத் தமிழாராய்ச்சியின் உடனடித் தேவைகளும் வேறு. வாழும் மரபைப் பேராதனை முற்றாகப் புறக்கணித்தது என்று கூறவும் இயலாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை அண்ணாவிமாரின் துணையோடு பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன அவ்வாறு மேடையேறியவை. கற்ற மாணவர் கிராமத்து அண்ணாவியிடம் ஆட்டம் பழகிய அந்நிகழ்வு, தொம்சன் தீவாரிடம் மொழி கற்றதற்கு நிகரானது.

ஆனால் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள மலைகளின் லயங்களில் நிகழ்ந்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியன அதே கவனத்தை அக்காலத்திற் பெறவில்லை. மலையகத்தின் பாடல்களையும் கலைகளையும் பதிவு செய்த பணி பெரும்பாலும் மலையகத்திலிருந்தே எழுந்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகள் பற்றி எழுதிய நூல் முதலியன அவ்வகையில் நினைவுகூரத்தக்கவை. வட்டகொடை மடகும்புர தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை முதலில் ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதையாக எழுதினார். 1954இல் வந்த அந்நூல் சக்தீ பால ஐயாவின் தமிழாக்கமாகத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் பின்னர் வெளியாயிற்று. பிளாஸ்கெற்றில் தாய்மொழி மூலத்தின் பின் ஆங்கிலம் வந்தது. மலையகத்தில் ஆங்கில மூலத்தின் பின் தமிழ் வந்தது. இவ்வேறுபாடு ஆசிரியரின் விருப்பத்தை மட்டும் காட்டுவதன்று. தோட்ட மக்களின் துன்பத்தை எவர் கேட்க வேண்டியிருந்தது என்பதையும் அது காட்டுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பிளாஸ்கெற் தீவிலிருந்து வந்த நூல்களுக்கு ஆசிரியர் பெயர்கள் உள்ளன. நாட்டார் பாடல் தொகுப்புகளிலோ பாடியவர் பெரும்பாலும் பெயரற்ற 'மக்கள்' ஆகிவிடுகின்றனர். பாடல் கூட்டுப் படைப்பு என்பது மெய்யே. எனினும் குறித்த ஒப்பாரியைக் குறித்த நாளில் குறித்த இழப்பிற்காகப் பாடிய பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெயரும் ஊரும் இழப்பும் நீங்கியபின் எஞ்சுவது எடுத்துக்காட்டு மட்டுமே.

5

ஐரிஷ் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் சொல்லிச் செல்வதும் திறனாய்வாகாது. வெளியிலிருந்து வந்த நண்பர்களின் கண்கள் பழமையை விரும்பின. ஐரோப்பாவின் கடைசி ஆதிவாழ்வைத் தீவிற் கண்டதாக அவர்களுட் சிலர் மகிழ்ந்தனர். தீவின் இளைஞர்களோ படகேறிக்கொண்டிருந்தனர். பழங்கதைக்கு வந்த புகழ் தீவிற்கு வைத்தியரைக் கொண்டுவரவில்லை. 1947இன் தொடக்கத்தில் இளைஞன் ஒருவன் நோயுற்றபோது, கடற்கொந்தளிப்பால் உதவி பெற இயலாமல் மாண்டான். அவ்வாண்டிலேயே புயலில் அகப்பட்டு உணவின்றித் தவித்த தீவார் பிரதமர் டி வலேராவிற்குத் தந்தியடிக்க நேர்ந்தது. 1953 நவம்பரில் எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரும் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். ஓ சலிவன் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1950இல் கோல்வே அருகே கடலில் மூழ்கி இறந்திருந்தார். நட்பு நூல்களைக் காத்தது. ஊரைக் காக்க இயலவில்லை.

பதிப்பாசிரியர் கைப்பட்டதால் நூல்கள் அடைந்த மாற்றங்களும் எண்ணத்தக்கவை. ஓ கிறோஹனின் தன்வரலாற்றின் முதற்பதிப்பில் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. 1973இலும் 2002இலும் புதிய பதிப்புகள் வந்தபோதே அவரது முழுக்குரல் படிப்படியாக மீண்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கதைகளை நினைவில் வைத்திருந்த பெக் சேயர்ஸ் என்னும் பெண் தன் வாழ்க்கையை மகனிடம் சொல்ல, அவன் எழுதினான்; 1936இல் அது நூலாயிற்று. பின்னர் பாடநூலாக்கப்பட்ட அந்நூல், பல தலைமுறை மாணவருக்குச் சலிப்பூட்டும் துயரப் பாடமாகிவிட்டது. அடுப்பங்கரையில் கேட்போரைச் சிரிக்கவும் அழவும் வைத்த கதைசொல்லி, பரீட்சை வினாத்தாளில் பக்திமிக்க முதியவளாகச் சுருங்கினாள். பதிவு செய்தல் மட்டும் போதாது. எவ்வாறு, எவர்பொருட்டுப் பதிவு செய்யப்படுகிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இது சான்று.

அயர்லாந்து செய்த இன்னொரு பணி இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழு, 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளைக்கொண்டு அவர்தம் பாட்டன் பாட்டியரிடமும் அயலாரிடமும் கதைகளை எழுதுவித்தது. இலட்சக்கணக்கான பக்கங்கள் அவ்வாறு திரண்டன. கதை சொன்னவர் பெயரையும் எழுதிய பிள்ளையின் பெயரையும் அப்பக்கங்களிற் பெரும்பாலும் காணலாம். அறிஞரின் நட்பு தீவொன்றிற்குச் செய்ததைப் பிள்ளைகளின் உறவு நாடு முழுவதற்கும் செய்தது.

6

திகனவிற்கு வருவோம். தொம்சனின் கிணற்றடிப் பெண்ணை இங்கே தேடினால் அவள் கிடைப்பாள். தோட்ட மக்களின் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜையும் தம்பி இலங்கைப் பிரஜையுமாயினர். தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போயினர். ஏழு புதல்வரை ஸ்பிறிங்பீல்ட் நகருக்குக் கொடுத்த ஐரிஷ் தாய்க்கும், மக்களைக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொடுத்த தோட்டத்துத் தாய்க்கும் இடையில் வேறுபாடு ஒன்றே. ஐரிஷ் பிள்ளைகள் வறுமையால் போயினர். தோட்டத்துப் பிள்ளைகள் வறுமையோடு அரசுகளின் கையெழுத்தாலும் போயினர். அத்தாயின் பேச்சும் கூறக் கூற ஒப்பாரியாக உயர்ந்திருக்கும். அதனைக் கேட்க நண்பன் எவன் இருந்தான் என்பதே கேள்வி.

திகனவின் நிலமே கதை நிறைந்தது. விக்டோரியா அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டபோது, தெல்தெனியாவின் பழைய நகரமும் சூழவிருந்த ஊர்களும் நீரில் அமிழ்ந்தன. அவ்வூர்களின் மக்கள் பலர் திகன, கரலியத்த முதலிய இடங்களிற் புதிதாகக் குடியேறினர். கோடை மிகுந்து நீர் வற்றும் காலங்களிற் பழைய நகரின் இடிபாடுகள் வெளிப்படுகின்றன. ஊரை அறிந்தவர் சென்று பார்த்துத் திரும்புகின்றனர். பிளாஸ்கெற் தீவு மனிதரை இழந்து நிலமாக நிற்கிறது. இங்கே மனிதர் இருக்க நிலம் நீரடியிற் கிடக்கிறது. மூழ்கிய நிலத்தின் கடைகளும் கோவில்களும் விகாரைகளும் பள்ளிவாசல்களும் ஆற்றங்கரைப் பாதைகளும் இன்று முதியோர் நினைவில் மட்டுமே முழுமையாக உள்ளன. அந்நினைவு சிங்களத்திலும் தமிழிலும் பேசுகிறது. ராஜவெல்லத் தோட்டக் குடியிருப்பிலும் முஸ்லிம் மக்களின் கடைத்தெருவிலும் சிங்களக் குடியானவர் முற்றத்திலும் வெவ்வேறாக உரைக்கப்படுகிறது.

ஆனால் வெளியுலகம் திகன என்ற பெயரைப் பரவலாகக் கேட்டது 2018 மார்ச் மாதத்திற்றான். முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடு முழுவதிலும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதன்பின் அவ்வூர் செய்தித் தலைப்பாயிற்று. ஓர் ஊரின் மீது வன்முறை எழுதிச்செல்லும் கதை, அவ்வூரார் தம்மைப்பற்றிச் சொல்லும் கதைகள் எழுதப்படாதபோது தனியொரு கதையாக நிலைத்துவிடும். அயலவர் ஒருவர் மற்றவரின் கதையை அறியாதிருத்தலும் அவ்வன்முறைக்கு இடங்கொடுக்கும் நிலைமைகளுள் ஒன்று. கதை கேட்டலால் கலவரம் நின்றுவிடும் என எண்ணுதல் பேதைமை. ஆயினும் அயல்வீட்டு முதியவர் மூழ்கிய ஊரின் அதே தெருவைத் தம் பாட்டனும் நடந்த தெருவென்று சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, அவ்வீட்டின் மீது கல்லெறிதல் சற்றேனும் கடினமாயிருக்கும்.

7

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு எளியது. தொம்சனின் கோட்பாடு தமிழ் ஆய்வைச் செழிக்கச் செய்தது. அவருடைய நடைமுறை இன்னும் முழுதாகக் கைக்கொள்ளப்படவில்லை. அந்நடைமுறையின் கூறுகள் நான்கு: கதைசொல்லியிடம் மாணவராகச் செல்லுதல், அவருடைய பேச்சுமொழியைத் திருத்தாது ஏற்றல், அவரை ஆசிரியராக மதித்து அவர் பெயரிலேயே நூலை வெளிக்கொணர்தல், அவருடைய வாழ்வின் தேவைகளிலும் நண்பராக நிற்றல். கடைசிக் கூறில் அயர்லாந்தும் தவறியது. அத்தவறும் பாடமாக வேண்டும். கதையைப் பெற்றுக்கொண்டு லயத்தின் ஒழுகும் கூரையைக் காணாது திரும்புபவன் தொம்சனின் மாணவனல்லன்.

இப்பணிக்குப் பேர்மிங்ஹாம் செல்ல வேண்டியதில்லை. பெருநிதியும் வேண்டியதில்லை. கலைப்பீடத்தில் பயிலும் மாணவரிற் பலர் தோட்டங்களிலிருந்தே வருகின்றனர். தொம்சன் கடல் கடந்து சென்று கற்ற மொழி அவர்களுக்குத் தாயின் மொழி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்த காலமும் மாறிவிட்டது. பரீட்சைக்குரிய ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில் 'தகவல் தந்தோர்' எனச் சிறிய எழுத்திற் குறிக்கப்படும் முதியவர் ஒருவரை, நூலின் முகப்பில் ஆசிரியராக ஏற்றுவதே செய்ய வேண்டிய மாற்றம். திகனப் பகுதிப் பாடசாலைகளின் பிள்ளைகள், அயர்லாந்துப் பிள்ளைகள் 1937இற் செய்ததைப்போல, மூழ்கிய ஊரைப்பற்றித் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டுத் தத்தம் மொழியில் எழுதினால், இரு மொழிகளிலும் அவற்றைச் சேர்த்து அச்சிடுவது ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகாது.

காலம் நீண்டதன்று. தெல்தெனியாவின் பழைய தெருவில் 1984இல் இருபது வயதினராய் நடந்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டனர். 1964இல் உடன்பிறந்தாரை வழியனுப்பியவர்கள் அதனினும் மூத்தோர். பிளாஸ்கெற்றின் முக்கிய நூல்கள் அனைத்தும் தீவு வெறுமையாவதற்கு முன்பே எழுதப்பட்டவை. முன்பே எழுதப்பட்டமையாலேயே அவை இருக்கின்றன.